மூன்றரைக் கிலோ மகாராஜா

ஓர் ஊர் பெருமையடித்துக்கொள்ள வேண்டுமானால் அங்கே ஒரு மாவீரர் பிறந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் செத்துப்போயிருக்கவாவது வேண்டும். நார்வே நாட்டின் லில்லஹாமருக்கு இரண்டு பாக்கியமும் வாய்க்கவில்லை. அந்த ஊரின் சரித்திர நாயகர் அங்கே செய்த ஒரே காரியம், 1206-ம் வருஷக் குளிர்காலத்தில் ஊரைவிட்டுக் கிளம்பிப் போனதுதான். அதுவும் அவராகப் போகவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். அவருக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை!

ஆனால், அந்த ஒரு கைக்குழந்தையை முதலாகப் போட்டு லில்லஹாமர் நடத்தியிருக்கும் வியாபாரத்தைப் பார்த்தால் பெரிய பெரிய விளம்பரக் கம்பெனிகளே எழுந்து நின்று சலாம் போடும். ஊர்ச் சின்னத்தில் ஸ்கீ கட்டிய வீரன். ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குக் குழந்தையின் பெயர். ஸ்கீ ஸ்டேடியத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய கோஷ்டியின் பெயர். 1994 குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு ஒரு பொம்மைச் சின்னம் தேவைப்பட்டபோதும் வேறு ஆளைத் தேடவில்லை. ஆஸ்லோவிலிருந்து வடக்கே ரயிலேறினால் இரண்டு மணி சொச்சத்தில் ஊர் வந்துவிடும். அதற்குள் குழந்தையின் ஜாதகத்தைப் புரட்டிவிடலாம்.

கதை தாத்தாவிடம் ஆரம்பிக்கிறது. பெயர் ஸ்வேர்ரெ. ஃபாரோ தீவுகளில் வளர்ந்த ஒரு சாதாரணப் பாதிரியார். ஒருநாள் அவருடைய அம்மா, 'உன் நிஜ அப்பா நார்வே ராஜா' என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சின்ன வயதில், அப்பாவிடம் அடி வாங்கிய சாயங்காலங்களில், நம்மில் பலருக்கும் இப்படி ஒரு நம்பிக்கை வந்து போயிருக்கும். ஸ்வேர்ரெ அதை நம்பிக் கப்பலே ஏறிவிட்டார்.

நார்வேயில் அவருக்குக் கிடைத்த தொண்டர் படையைப் படை என்று சொன்னால் படைகள் கோபித்துக்கொள்ளும். காலுக்குத் தோல் வாங்கக் காசில்லாமல் பிர்ச் மரப்பட்டையைச் சுற்றிக்கொண்டு திரிந்த கூட்டம். அதைச் சொல்லிச் சொல்லி எதிரிகள் 'பிர்கெபெய்னர்' என்று நக்கலடித்தார்கள். இவர்கள் அசரவில்லை. திட்டின வார்த்தையையே கட்சிப் பெயராக வைத்துக்கொண்டார்கள். எதிரே நின்றவர்கள் 'பாக்லர்' கட்சி. சர்ச்சும் பணக்காரர்களும் அந்தப் பக்கம். அதனாலேயே அவர்களால் ஜெயிக்க முடியாமல்போனது பலருக்கு ஆச்சரியம், பாக்லர்களுக்குக் கூடுதல் ஆச்சரியம்.

ராஜாவானதும் ஸ்வேர்ரெ ஐஸ்லாந்து மடாதிபதி ஒருவரை உட்காரவைத்துத் தன் வரலாற்றை எழுத வைத்தார். எழுதுகிறவருக்குப் பக்கத்திலேயே தானும் உட்கார்ந்து, எதை எழுதலாம், எதை விட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ கிளப்பிவிட்ட வதந்தி என்று நினைக்காதீர்கள். அந்த நூலின் முன்னுரையிலேயே அப்படித்தான் இருக்கிறது. இந்தக் காலத் தலைவர்கள் பிறரை வைத்துச் சுயசரிதை எழுதிக்கொண்டாலும் அதை மறைக்கிற அளவுக்காவது கூச்சப்படுகிறார்கள்.

1202-ல் ஸ்வேர்ரெ போனார். அவருடைய மகன் 1204-ல் போனார். அதன்பிறகுதான் அந்த மகனுக்கும் இங்கா என்ற பெண்ணுக்கும் ஒரு குழந்தை பிறந்தது. ஹோக்கோன் என்று பெயர். பிறந்த இடமோ பாக்லர்கள் கொடிகட்டிப் பறந்த கிழக்குப் பகுதி. விஷயம் கசிந்தால் குழந்தை இருக்காது. எனவே விசுவாசிகள் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, பிர்கெபெய்னர் கோட்டையான டிரோந்தைமுக்குக் கிளம்பினார்கள். வழியில் லில்லஹாமரில் தங்கினார்கள். ஆக, அந்த ஊருக்கும் சரித்திரத்துக்கும் உள்ள சம்பந்தம் ஒரு பயணத்தின் இடைநிறுத்தம்!

மலையில் பனிப்புயல். கூட்டமாகப் போனால் யாரும் போய்ச்சேர முடியாது. ஸ்கீயில் கெட்டிக்காரர்களாக இரண்டு பேரைப் பொறுக்கினார்கள். தோர்ஸ்தைன் ஸ்கெவ்லா, ஷெர்வால் ஸ்க்ருக்கா. குழந்தையைச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். இருவரும் மலையேறி, இறங்கி, அந்தப் பக்கம் ஒஸ்தர்டாலன் பள்ளத்தாக்கில் சேதமில்லாமல் பார்சலைச் சேர்த்துவிட்டார்கள். நார்வே வரலாற்றின் மிக முக்கியமான கூரியர் சர்வீஸ் இதுதான். கொண்டுபோனவர்களின் பெயரை உலகம் எட்டு நூற்றாண்டாக ஞாபகம் வைத்திருக்கிற ஒரே கூரியரும் இதுவாகத்தான் இருக்கும்.

பார்சல் வளர்ந்து 1217-ல், பதின்மூன்று வயதில், ராஜாவானது. நான்காம் ஹோக்கோன். அடுத்த வருஷம்தான் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டார்கள்: இவர் நிஜமாகவே ராஜா பெற்ற பிள்ளைதானா? வேலையில் சேர்த்த பிறகு சர்டிஃபிகேட் சரிபார்க்கிற வழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது. ஆனால் நிரூபிக்க வேண்டியவர் ராஜா இல்லை, அவருடைய அம்மா. இங்கா பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தினார். பிறகு கையில் போட்ட கட்டைப் பிரித்துப் பார்த்தபோது கை சுத்தமாக இருந்தது, எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தாத்தா ஸ்வேர்ரெ தன் அப்பா யாரென்று சொன்னபோது வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது. ஒரு பெண் அதையே சொன்னபோது இரும்பு தேவைப்பட்டது.

இந்தக் கதையை நார்வே முழுக்கப் பிரபலமாக்கியவர் பெர்க்ஸ்லியன் என்ற ஓவியர். 1869-ல் அவர் வரைந்த படத்தில், தாடியும் ஈட்டியுமாக இரண்டு வீரர்கள் பனியில் பாய்ந்து வருகிறார்கள், ஒருவர் கையில் குட்டி ராஜா. சம்பவம் நடந்து 663 வருஷம் கழித்து வரைந்த படம். இருந்தாலும் இன்றைக்கு நார்வேக்காரர்களிடம் கேட்டால் இதுதான் அந்தக் காட்சியின் புகைப்படம் என்கிற மாதிரி பேசுவார்கள்.

1932-ல் இன்னொரு யோசனை. அந்த ஓட்டத்தின் நினைவாக ஒரு ஸ்கீ பந்தயம்! மொத்தம் 54 கிலோமீட்டர், மலைக்கு மேலே. ஓடுகிற ஒவ்வொருவரும் முதுகில் ஒரு பையைச் சுமக்க வேண்டும். குழந்தைக்குப் பதிலாக. பையின் எடை மூன்றரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது, நிறுத்துப் பார்ப்பார்கள். பிள்ளை பெற்றவர்கள் யாராவது இந்த விதியைப் படித்திருந்தால் சிரித்திருப்பார்கள். மூன்றரைக் கிலோ என்பது பிரசவ வார்டில் நர்ஸ் சொல்கிற எடை. ஒன்றரை வயது ஹோக்கோன் நிஜமாகவே மூன்றரைக் கிலோதான் இருந்தார் என்றால் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டியது வைத்தியரிடம்.

இன்னொரு வேடிக்கை, திசை. குழந்தை போனது லில்லஹாமரிலிருந்து அந்தப் பக்கம். பந்தயமோ அந்தப் பக்கத்து ரேனாவில் ஆரம்பித்து லில்லஹாமரில் முடிகிறது. அதாவது, எத்தனையோ பாடுபட்டு எதிரிகளிடமிருந்து காப்பாற்றிக் கொண்டுபோன குழந்தையை, ஒவ்வொரு மார்ச் மாதமும் ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சிரைக்கத் தூக்கிவந்து, கிளம்பின இடத்திலேயே மறுபடி விட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஹோக்கோன் நல்ல ராஜாவாகவே நாற்பத்தாறு வருஷம் ஆண்டார். 1263-ல் ஸ்காட்லாந்துக்காரர்களோடு மோதப் போய், திரும்புகிற வழியில் ஆர்க்னி தீவில் படுத்த படுக்கையானார். பொழுதுபோக லத்தீன் புத்தகங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், அலுப்பாக இருந்தது. தாய்மொழிக்கு மாறினார். மகான்களின் கதை, முன்னோர்களின் கதை என்று வரிசையாக வந்து, கடைசியாகத் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்த அந்தச் சுயபுராணம். அது முடிந்த கொஞ்ச நேரத்தில் ராஜாவின் உயிர் பிரிந்தது. புத்தகம்தான் காரணம் என்று எந்தச் சரித்திர ஆசிரியரும் எழுதவில்லை.

ரயில் நின்றுவிட்டது. இறங்குங்கள்.

முதலில் ஹோக்கோன் ஹால். ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய ஐஸ் ஹாக்கி அரங்கம், பத்தாயிரம் பேர் உட்காரலாம். பெர்கன் நகரில் ராஜா தன் காலத்திலேயே கல்லில் கட்டிய நிஜ ஹோக்கோன் மண்டபம் ஒன்று இன்னும் நிற்கிறது. ஆனால் அதில் ஸ்கேட்டிங் பண்ண முடியாது. லில்லஹாமர் ஹாலுக்குப் பக்கத்திலேயே சின்னதாக கிறிஸ்தின் ஹால். ஒலிம்பிக் பொம்மைச் சின்னங்களும் இதே ஜோடிதான்: ஹோக்கோன், கிறிஸ்தின். சிவந்த கன்னங்களோடு, கைகோத்துச் சிரிக்கிற இரண்டு சுட்டிக் குழந்தைகள். அண்ணன் தங்கை என்று நினைத்து உலகமே கொஞ்சியது. சரித்திரத்தில் அந்தப் பெண் ஸ்வேர்ரெயின் மகள், அதாவது பையனுக்கு அத்தை.

அத்தையோடு நிற்கவில்லை. சமாதான ஒப்பந்தத்தில் கிறிஸ்தினைக் கட்டிக்கொடுத்தது யாருக்குத் தெரியுமா? பாக்லர் கட்சியின் தலைவருக்கு! எந்தக் கட்சிக்குப் பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனிமலை ஏறினார்களோ, அதே கட்சிக்கு. கூட்டணி அரசியலில் நாம் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

இந்த ஹாலில்தான் 1994 ஹாக்கி இறுதி ஆட்டம். கனடாவும் ஸ்வீடனும் சமமாக நின்று, பெனால்டி மாதிரி ஒவ்வொருவராக வந்து அடிக்கிற நிலைமை. ஸ்வீடனின் ஃபோர்ஸ்பெர்க் ஒரு பக்கம் போகிற மாதிரி போக்குக் காட்டி, ஒற்றைக் கையை நீட்டி மறுபக்கம் தள்ளிய கோலில் தங்கம். ஸ்வீடன் அரசாங்கம் சந்தோஷத்தில் அந்தக் காட்சியைத் தபால்தலையாகவே அடித்தது. ஒரு சிக்கல். கோலை விட்ட கனடா கோல்கீப்பர், 'என் உருவத்தைப் போட சம்மதிக்க மாட்டேன்' என்றுவிட்டார். அடையாளம் தெரியாதபடி ஜெர்சியின் நிறத்தை மாற்றி அச்சடித்தார்கள். தபால்தலையில் தன் படம் வரவேண்டும் என்று தவம் கிடக்கிறவர்கள் உண்டு. வராமலிருக்கப் போராடியவரை நான் கேள்விப்பட்டது இவரைத்தான்.

அது சரி, அப்போது இருபத்து மூவாயிரம் பேர் வசித்த ஊருக்கு ஒலிம்பிக்ஸ் எப்படி வந்தது? காரணம், வேலையில்லாத் திண்டாட்டம். பண்ணைகளும் காடுகளும் மட்டும் இருந்த பிரதேசம் வாடிக்கொண்டிருந்தது. வேறு ஊர்க்காரர்கள் ஒரு சர்க்கரை ஆலை கேட்டு மனு கொடுத்திருப்பார்கள். இவர்கள் உலகத்தையே விருந்துக்குக் கூப்பிட்டார்கள். 1992-க்கு முயன்று, பிரான்ஸின் ஆல்பர்வில்லிடம் தோற்றார்கள். 1994-க்கு மறுபடி விண்ணப்பித்தார்கள். 1988 செப்டம்பரில் சியோல் நகரில் ஓட்டெடுப்பு. கடைசிச் சுற்றில் லில்லஹாமருக்கு 45, ஸ்வீடனின் ஒஸ்தர்சுண்டுக்கு 39. ஜெயித்தது ஒரு மகிழ்ச்சி; பக்கத்து வீட்டு ஸ்வீடனை ஜெயித்தது பல மகிழ்ச்சி. ஸ்வீடன் அதற்கு முன்னும் கேட்டது, பின்னும் கேட்டது. குளிர்கால ஒலிம்பிக்ஸ் இன்னும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை.

ஊருக்கு மேலே மலைச்சரிவில் இரண்டு வெள்ளை நாக்குகள் தொங்குவது தெரிகிறதா? லீஸ்கோர்ட்ஸ்பக்கன் ஸ்கீ ஜம்ப் மேடை. ஓரமாக 936 படிகள் உண்டு. லிஃப்ட் நாற்காலியும் உண்டு. படியில்தான் ஏறுவேன் என்று கிளம்புகிற டூரிஸ்ட்டுகள் முந்நூறாவது படியில் 'காட்சியை ரசிக்க' நிற்பார்கள். அறுநூறில் மறுபடி ரசிப்பார்கள். உச்சிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தால்தான் தெரியும்: சறுக்குப் பாதை பாதியில் நின்றுவிடுகிறது, அதற்கப்புறம் வெறும் காற்று. ஊர் முழுக்கக் காலடியில் தெரிகிறது. இதில் வேண்டுமென்றே குதிக்கிறவர்களுக்குப் பதக்கம் கொடுப்பதா, பரிசோதனைக்கு அனுப்புவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

1994 பிப்ரவரி 12, தொடக்க விழா இங்கேதான். வெறுமனே சுடரைக் கையில் ஏந்தி ஓடிவந்தால் என்ன மரியாதை? ஸ்கீ வீரர் சுடரோடு மேடையிலிருந்து பறந்து வருவார் என்று ஏற்பாடு. இதற்காகத் தேர்ந்தெடுத்த ஃபிட்யெஸ்தோல் முன்னாள் உலகச் சாம்பியன். விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒத்திகையில் விழுந்து மண்டையில் அடி. மாற்று ஆளாக இருந்த ஸ்தைன் க்ரூபன் ஒரு கையில் நெருப்போடு குதித்து, சும்மா பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி தரை தொட்டார். கொப்பரையை ஏற்றியது பட்டத்து இளவரசர். அவர் பெயரும் ஹோக்கோன்! ஆனால் நம் பார்சலின் ரத்தம் என்று அவசரப்படாதீர்கள். 1905-ல் நார்வேக்கு ராஜா தேவைப்பட்டபோது டென்மார்க்கிலிருந்து கார்ல் என்ற இளவரசரை அழைத்துவந்தார்கள், அவர் ராஜாவானதும் ஹோக்கோன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். கொப்பரையை ஏற்றிய இளவரசர் அவருடைய கொள்ளுப்பேரன்.

சுடரிலும் ஒரு குடும்பச் சண்டை. ஸ்கீ விளையாட்டின் பிறப்பிடம் என்று நார்வேக்காரர்கள் கொண்டாடுகிற மோர்கெடாலில், மரக்கட்டையைக் கடைந்து தனியாக ஒரு சுடரை ஏற்றி நாடு முழுக்க ஓடவிட்டார்கள். ஒலிம்பியாவிலிருந்து வருகிற சுடரோடு அதைச் சேர்த்துவிடலாம் என்பது திட்டம். கிரேக்கர்கள் கொதித்துவிட்டார்கள். நெருப்பில் என்ன அசல், என்ன கலப்படம் என்று நமக்குப் புரியாது, அவர்களுக்குப் புரிந்தது. கடைசியில் மோர்கெடால் நெருப்பைப் பாராலிம்பிக்ஸுக்கு வைத்துக்கொண்டார்கள்.

நாடே டிவியில் லில்லஹாமரைப் பார்த்துக்கொண்டிருக்கப் போகிற நாள் அல்லவா? அன்று விடியற்காலையில் ஆஸ்லோவின் தேசியக் காட்சிக்கூடத்தில் இரண்டு பேர் ஏணியைச் சாத்தி, ஜன்னலை உடைத்து, எட்வர்ட் மூங்க்கின் 'அலறல்' ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு நிமிஷத்துக்குள் வேலை முடிந்தது. போகும்போது, மோசமான பாதுகாப்புக்கு ஆயிரம் நன்றி என்று ஒரு சீட்டையும் வைத்துவிட்டுப் போனார்கள். மே மாதம் ஓவியம் பத்திரமாகத் திரும்பக் கிடைத்தது. அதுவரை நார்வேயில் அலறியது போலீஸ் துறை மட்டும்தான்.

ஊரைவிட்டுக் கொஞ்சம் மேலே, காட்டுக்குள், பிர்கெபெய்னர் ஸ்கீ ஸ்டேடியம். கால்பந்து சில நாடுகளுக்கு என்னவோ, அதுதான் நார்வேக்காரர்களுக்குக் காட்டுவழி ஸ்கீ. ஒலிம்பிக்ஸின்போது மரணக் குளிர். அதில் காட்டுக்குள்ளேயே கூடாரம் போட்டு, நெருப்பு மூட்டி, ராத்திரியெல்லாம் காத்திருந்தார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் ஸ்டேடியத்தில், மற்றவர்கள் மரத்தடியில். பிப்ரவரி 22, ஆண்கள் 4x10 கிலோமீட்டர் ரிலே. இதைப் பார்க்கத்தான் இத்தனை பேரும்.

நார்வே அணியின் கடைசி ஆள் ப்யோர்ன் டேலி. ஸ்கீ உலகின் சக்கரவர்த்தி. எதிரி இத்தாலி. அந்த அணியின் முதல் ஆள் டி சோல்ட்டுக்கு வயது 43. அந்த வயதில் நம்மில் பலர் மாடிப்படிக்கே யோசிக்கிறோம். அவர் தன் பங்கை அதிகம் பின்தங்காமல் ஓடி முடித்தார். கடைசிச் சுற்றில் டேலியின் முதுகில் ஒட்டிக்கொண்டார் இத்தாலியின் சில்வியோ ஃபௌனர். டேலி வேகத்தைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், முன்னால் போய்த் தொலையேன் என்கிற மாதிரி ஒதுங்கியும் பார்த்தார். ம்ஹூம். நிழல்கூட அவ்வளவு விசுவாசமாக இருக்காது. கடைசியில் நேராக நீளும் பாதையில் நிழல் முந்தியது. வித்தியாசம் 0.4 வினாடி. ஸ்டேடியத்தில் வெள்ளம் மாதிரி இருந்த கொடிகள் அப்படியே இறங்கின. நார்வேக்காரர்கள் இயல்பிலேயே அதிகம் பேசாதவர்கள். அன்று பேசாததற்கு அவர்களிடம் காரணமும் இருந்தது.

நாலு வருஷம் கழித்து நாகானோ ஒலிம்பிக்ஸில் நார்வே இத்தாலியைத் திருப்பி அடித்தது, 0.2 வினாடியில். கணக்குப்படி இன்னும் 0.2 பாக்கி.

மலைச்சரிவில் இறங்குகிற அதிவேக ஸ்கீக்குத் தேவையான செங்குத்து லில்லஹாமருக்குப் பக்கத்தில் போதவில்லை. அதனால் வடக்கே க்வித்ஃபியெல் மலையில் புதிதாக ஒரு பாதையே செதுக்கினார்கள். முதல் நாள் போட்டியில் சொந்த நாட்டு ஓமொத் தங்கம் வாங்கிவிட்டார் என்று கூட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவின் டாமி மோ 0.04 வினாடி முந்தினார். மோ அலாஸ்காக்காரர். இதே ஒலிம்பிக்ஸைக் கேட்டு லில்லஹாமரிடம் தோற்றுப்போன ஊர்களில் ஒன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜ். விருந்து நடத்தக் கிடைக்கவில்லை, வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஹுண்டர்ஃபோசனில் பாப்ஸ்லே தடம். 1,710 மீட்டர் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் கால்வாய், அதற்குள் பனிக்கட்டி, பதினாறு வளைவுகள். இதில் நீங்களும் போகலாம் என்பதுதான் விசேஷம். முன்னால் ஒரு பைலட் ஓட்ட, பின்னால் காசு கொடுத்த டூரிஸ்ட்டுகள். ஹெல்மெட்டை மாட்டி, ஒருவர் காலிடுக்கில் ஒருவராகச் செருகி உட்கார வைப்பார்கள். அதற்கப்புறம் உங்களுக்கு எந்த வேலையும் கிடையாது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற ஒரு தகர டப்பாவில், தலை தோளுக்குள் இறங்கிவிடுகிற மாதிரி அழுத்தும். ஒரு நிமிஷம் சொச்சம்தான். முதல் வளைவில் குலதெய்வம் ஞாபகத்துக்கு வரும். நடுவில், இன்ஷூரன்ஸ் கட்டினோமா என்று தோன்றும். நின்றதும், முன்பின் தெரியாத ஆளின் முழங்காலை இறுக்கிப் பிடித்திருக்கும் உங்கள் கையை நீங்களே பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

நடுக்கம் தெளிய ஊருக்குள் மைஹாவ்கனுக்குப் போகலாம். நார்வேயின் ஒலிம்பிக் மியூசியம் இப்போது இங்கேதான் இருக்கிறது. ஆனால் இந்த வளாகத்தைத் தொடங்கியவர் ஸ்கீ வீரர் அல்ல, ஒரு பல் டாக்டர்! ஆண்டர்ஸ் சாண்ட்விக். நுரையீரல் கோளாறு, லில்லஹாமர் காற்று நல்லது என்று 1885-ல் வந்து சேர்ந்தார். பள்ளத்தாக்கில் கிராமம் கிராமமாகப் போய் வைத்தியம் பார்த்தார். போன இடத்தில் எல்லாம் பழைய வீடுகள் இடிந்துகொண்டிருப்பதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து தன் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். ஒன்று, இரண்டு, மூன்று... பல்லைப் பிடுங்கப் போனவர் வீட்டையே பிடுங்கிக்கொண்டு வந்தால் மனைவி என்ன சொல்லியிருப்பார் என்று சரித்திரம் எழுதிவைக்கவில்லை.

தோட்டம் தாங்காமல்போய், 1904-ல் ஊர்க்காரர்கள் தனியாக இடம் ஒதுக்கி எல்லாவற்றையும் மாற்றினார்கள். இன்று இருநூறு கட்டடங்கள் போல இருக்கின்றன, ஒரு பழைய மரத் தேவாலயம் உள்பட. நுரையீரல் நோயாளியாக ஊருக்குள் நுழைந்த சாண்ட்விக் போய்ச்சேர்ந்தது 1950-ல், 87 வயதில். வீடு சேர்க்கிற பைத்தியம் ஆரோக்கியத்துக்கு நல்லதுபோல.

லில்லஹாமரை ஒட்டிய ஏரியின் மேற்குக் கரையில் யோவிக் என்று ஒரு சின்ன ஊர். எங்களுக்கும் ஒரு அரங்கம் வேண்டும் என்றது. நியாயமாக ஒரு மைதானம் பார்த்துக் கட்டியிருக்கலாம். ஊர் நடுவே ஒரு மலை இருந்தது. அதைக் குடைந்து உள்ளே கட்டினார்கள். 61 மீட்டர் அகலத்துக்குத் தூணே இல்லாத குகை, நடுவில் ஐஸ் ஹாக்கி மைதானம், ஐயாயிரம் பேருக்கு மேல் உட்கார இடம். இதற்கு முன்பே ஒரு நீச்சல் குளத்தையும் பாறைக்குள் வைத்துப் பழகியவர்கள் அவர்கள். பாறையைக் கண்டால் நாம் கோவில் கட்டுவோம், அவர்கள் கோல் போஸ்ட் நடுகிறார்கள்.

கிழக்குக் கரையில் ஹாமார். அங்கே இரண்டு அரங்கங்கள். ஒன்றில் ஃபிகர் ஸ்கேட்டிங். அந்த வருஷம் ஜனவரியில் அமெரிக்காவில் நான்சி கெரிகன் என்ற வீராங்கனையின் முழங்காலில் ஒரு ஆள் தடியால் அடித்தான். ஏற்பாடு செய்தது சக வீராங்கனை டான்யா ஹார்டிங்கின் முன்னாள் கணவர் என்று தெரிந்தது. பிப்ரவரியில் இருவரும் ஒரே அமெரிக்க அணியில், ஒரே பனித்தரையில் பயிற்சிக்கு வந்து நின்றார்கள். போட்டிக்குக்கூட வராத பத்திரிகைக் கூட்டம் பயிற்சிக்கு வந்தது. போட்டியின் நடுவே ஹார்டிங் ஷூ லேஸ் அறுந்துவிட்டது என்று நடுவர்கள் மேஜைமேல் காலைத் தூக்கிக் காட்டி அழுதார்; இன்னொரு வாய்ப்பு கிடைத்து எட்டாவதாக வந்தார். கெரிகனுக்கு வெள்ளி. இந்த அமளியில் யாரும் கவனிக்காத பதினாறு வயது உக்ரைன் பெண் ஒக்சானா பையூல் தங்கத்தை எடுத்துக்கொண்டார். அமைப்பாளர்களும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. உக்ரைன் தேசிய கீதம் கிடைக்காமல் பரிசளிப்பு தாமதமானது!

இன்னொரு அரங்கம், வேக ஸ்கேட்டிங்குக்குக் கட்டிய வைக்கிங் கப்பல். பெரிய கப்பலைக் கவிழ்த்துப் போட்ட மாதிரியே கூரை, உள்ளே நீள நீளமான மர உத்தரங்கள். கட்ட நினைத்த இடம் பறவைகள் சரணாலயத்தைத் தொட்டது. பசுமை ஒலிம்பிக்ஸ் என்று பெயர் வாங்கியாக வேண்டுமே? கப்பலை நகர்த்திவிட்டார்கள். வைக்கிங்குகள் யாருக்காவது வழிவிட்டதாகச் சரித்திரத்தில் பதிவாகியிருப்பது, இந்த வாத்துகளுக்கு மட்டும்தான்.

இங்கே யோஹான் ஊலாவ் கோஸ் மூன்று தங்கம் வாங்கினார், மூன்றும் உலக சாதனை. பத்தாயிரம் மீட்டரில் பழைய சாதனையைவிட ஏறக்குறைய 13 வினாடி குறைவு. கிடைத்த போனஸில் ஒன்றை, போரில் சிக்கியிருந்த மக்களுக்கான ஒலிம்பிக் உதவி நிதிக்குக் கொடுத்துவிட்டார். இந்த மனிதரைக் கிண்டல் செய்ய ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்தேன். டாக்டருக்குப் படித்தவர் என்பதுதான் கிடைத்தது. அமெரிக்காவின் டான் ஜான்சன், முந்தைய ஒலிம்பிக்ஸ் ஒன்றில் வழுக்கி விழுந்தே பேர்போனவர், கடைசி வாய்ப்பில் இங்கே ஆயிரம் மீட்டரை உலக சாதனையோடு ஜெயித்து, தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனித்தரையைச் சுற்றிவந்தார். அதற்கு எத்தனை கிலோ பை என்று இன்னும் யாரும் பந்தயம் ஆரம்பிக்கவில்லை.

ஈஸ்டர் வாரத்தில் நார்வே நாடே மூட்டை முடிச்சோடு மலைக் குடில்களுக்குப் போய்விடும். பகலெல்லாம் ஸ்கீ, சாயங்காலம் துப்பறியும் நாவல். அதே வாரத்தில் இந்த வைக்கிங் கப்பலுக்குள் ஆயிரக்கணக்கான பையன்களும் பெண்களும் வீட்டுக் கம்ப்யூட்டரை மானிட்டரோடு தூக்கிவந்து நுழைகிறார்கள். 'தி கேதரிங்' என்ற கம்ப்யூட்டர் திருவிழா, 1996 முதல் இங்கேதான் கூடுகிறது. விளக்கை அணைத்துவிட்டு, கோஸ் சாதனை படைத்த அதே தரையில் வரிசை வரிசையாக மேஜை போட்டு, ராப்பகலாக கேம்ஸ். அங்கே போனால் ஒலிம்பிக் தடம் எங்கே இருந்தது என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். நெட்வொர்க் கேபிள் எங்கே என்று கேளுங்கள், கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டுவார்கள்.